ஸ்குவாட்டுக்கும் ஸ்னாட்சுக்கும் ஒரே ஷூ போதுமா?

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
எட்டு மாதமாக ஜிம் போகிறேன். ஸ்குவாட்டில் (கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது) 80 கிலோ வந்துவிட்டது. ஆனால் கீழே உட்காரும்போது குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. போடுவது ஓட்டப்பயிற்சி ஷூ. போன மாதம் ஸ்னாட்ச் (கம்பியை ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க்கும் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) தொடங்கினேன். அடிடாஸ் அடிபவர் மாதிரி குதி உயர்ந்ததை வாங்கவா, தட்டையானதை வாங்கவா? என் சம்பளத்தில் இரண்டு ஜோடி கட்டாது.

பதில் (சிவாஜிநகர்):
தம்பி, ஓட்டப்பயிற்சி ஷூவை முதலில் கழற்றுங்கள். அதன் பஞ்சு பாரம் ஏறினால் அமுங்கும், கால் ஆடும். அப்புறம் கணுக்காலைப் பாருங்கள். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிக் கட்டைவிரலை வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? அடுத்து, வெறும் கம்பியோடு, இரண்டு குதிகாலுக்கும் அடியில் 2.5 கிலோ பிளேட் வைத்து உட்காருங்கள். நிமிர்ந்து உட்கார முடிந்தால் குதி வைத்த ஷூ உதவும்.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணா. வலது 10 செ.மீ., இடது 6 தான். இரண்டு வருடம் முன்பு கால்பந்தில் பிசகிய கால். பிளேட் வைத்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது!

பதில் (ஜெயநகர்):
அப்படியானால் 20 மி.மீ. குதியே வாங்குங்கள். அடிபவர், நைக்கி ரோமலியோஸ் இரண்டும் ஏறக்குறைய அந்த உயரம்தான். குதி உயர்ந்தால் முழங்கால் முன்னால் போக இடம் கிடைக்கும், மார்பு நிமிரும். ஸ்னாட்சில் தலைக்கு மேல் கம்பியைப் பிடித்து உட்கார அதுதான் தேவை. ஜெர்க்கில் கால் பிரித்து இறங்கும்போதும் கெட்டியான அடி நம்பிக்கை தரும். கம்பியை முதுகில் தாழ்த்தி வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி உட்காருபவர்களில் பலருக்குத் தட்டை ஷூ பிடிக்கும். உங்களுக்கு அது இப்போது வேண்டாம். டெட்லிஃப்டுக்கு (தரையில் இருக்கும் கம்பியைத் தூக்கி நிமிர்ந்து நிற்பது) தனி ஷூ எதற்கு? உங்கள் ஜிம்மில் விட்டால் சாக்ஸோடு தூக்குங்கள். குதி இருந்தால் பாரம் முன்னால் இழுக்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன் தம்பி: ஷூ வந்துவிட்டது என்று இடது கணுக்காலை விட்டுவிடாதீர்கள். தினமும் சுவரருகே நீட்டிப் பழக்குங்கள். வலி இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுப் பாரம் ஏற்றுங்கள்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
அடிபவர் வாங்கிவிட்டேன் அக்கா. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஜிம் சாக்ஸோடு போட்டுப் பார்த்து எடுத்தேன். 60 கிலோவுக்கு இறக்கிப் பழகுகிறேன், குதிகால் எழும்பவில்லை. இடது கால் 7 செ.மீ. வந்திருக்கிறது.