சபையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள், யார் கணக்கில் எழுதுவது?

பெரம்பூர்_லோகோ:
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம், படுத்த படுக்கை. அம்மா இல்லை, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி 2 மணிக்கு ஒருதரம், 4 மணிக்கு ஒருதரம் கூப்பிடுவார், டயப்பர் மாற்ற, இல்லாவிட்டால் சும்மா மணி என்ன என்று கேட்க. நான் கத்துவேன். ஒருநாள் போர்வையைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வலது கையால் இடது கையைத் தூக்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்த்தார்.

அதற்கப்புறம் உபவாசம், முழு இரவு ஜெபம் எல்லாம் இருந்து பார்த்தேன். தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அடுத்த வாரமே மறுபடி கத்தினேன். "உன் பலத்தில் முயற்சி பண்ணுகிறாய், கிருபைக்கு விட்டுக்கொடு" என்றார் பாஸ்டர். விட்டுக்கொடுப்பது என்றால் ராத்திரி 2 மணிக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் நானாகச் சில வேலை செய்தேன்: ஒன்பதரைக்குப் படுப்பது, போனைச் சமையலறையில் வைப்பது, கூப்பிட்டதும் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பது. நாலு மாதமாகக் கத்தவில்லை (ஒருதரம் முணுமுணுத்தேன், அதைச் சேர்க்கவில்லை).

வரும் ஞாயிறு சாட்சி சொல்லச் சொல்கிறார்கள், அதாவது கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் எழுந்து சொல்ல வேண்டும். "கர்த்தர் என் கோபத்தை எடுத்துப்போட்டார்" என்றால் பொய், கோபம் அங்கேயேதான் இருக்கிறது, மேலே தண்ணீர் ஊற்றுகிறேன், அவ்வளவுதான். "நானே பழகிக்கொண்டேன்" என்றால் பெருமை என்பார்கள். எது சரி?

வேப்பேரி77:
பிரதர், எபேசியர் 2:8, 9 எல்லோருக்கும் மனப்பாடம், "கிரியைகளினால் உண்டானதல்ல" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம், 10ஆம் வசனத்துக்கு வருவதற்குள் பைபிளை மூடிவிடுவோம். நற்கிரியை செய்யத்தான் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கே இருக்கிறது. உங்களிடம் இரண்டு கேள்வி ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. தேவனுக்கு முன்னால் நீதிமானாக நிற்பது எதனால்? கிருபை மட்டும், உங்கள் டம்ளருக்கு அதில் ஒரு பைசா பங்கு கிடையாது. அப்படி நிற்கிறவன் ராத்திரி எப்படி நடந்துகொள்வது? அது பரிசுத்தமாகுதல், அதில் கை கால் எல்லாம் வேலை செய்தாக வேண்டும். நான் லூத்தரன்தான். ஆனால் எங்கள் சபைக்கு மூலவரான லூத்தர் 1522இல் ஜெர்மன் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்றது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. அவரும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

சாந்தோம்_காற்று:
கத்தோலிக்கர் நாங்கள் கிருபை என்று சொல்வதில்லை, அருள். பெயர்தான் வேறே தவிர சண்டை ஒன்றுதான். அந்தச் சண்டையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டதில் பாதிக்கு மேல் தீர்ந்தது, 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். நம் தகுதியால் அல்ல, அருளால்தான் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்த அருளே நற்செயலுக்கும் நம்மை எழுப்புகிறது என்பது அதன் சாரம். இது தெரியாமல் எங்கள் தெருவில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

இதைவிடப் பழைய கதை பெலாஜியுஸ், மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக வாழ முடியும் என்று போதித்த பழைய காலத்துத் துறவி. ஆள் மோசமில்லை, எல்லாவற்றையும் கடவுள் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிற விசுவாசிகளைப் பார்த்து எரிச்சல்பட்டவர். "நீர் கட்டளையிடுவதை நீரே தாரும்" என்ற ஆயர் அகுஸ்தினாரின் ஜெபத்தைக் கேட்டுக் கொதித்துப்போனார். 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளியது. அகுஸ்தினார் உங்களைப் பார்த்தால், தண்ணீர் குடிக்கலாம் என்று தோன்றியதே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்.

பெரம்பூர்_லோகோ:
பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. அவர்கள் கிறிஸ்தவர்கூட இல்லை.

சாந்தோம்_காற்று:
அப்படியானால் அகுஸ்தினாருக்கு இன்னும் வசதி.

தேரடி_வீதி:
நான் வெளி ஆள், திருவல்லிக்கேணி. இதே வழக்கு வைணவர் எங்களிடமும் உண்டு. வடகலையார் மர்க்கட நியாயம் என்பார்கள், குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலையார் மார்ஜார நியாயம், பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும். எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டு வரை போன கூட்டம் நாங்கள், அதனால் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்று மட்டும் பார்த்திருக்கிறேன்: குட்டி எவ்வளவு இறுகப் பிடித்தாலும் மாடிக்கு மாடி தாவுவது தாய்தான். பூனைக்குட்டியும் திமிறினால் கீழே விழுகிறது.

நைட்_டியூட்டி:
பதினோரு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். நீங்கள் எல்லோரும் சங்கம், அறிக்கை என்று பேசுகிறீர்கள், இந்தத் தம்பி இரண்டு வருடமாகத் தூங்கவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. தம்பி, உன் கோபத்தில் பாதி தூக்கமின்மை. வாரத்துக்கு இரண்டு ராத்திரி ஆள் வை, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் பணம் கேள், வெட்கப்படாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறாயா? படுக்கைப்புண் வந்தால் அவர் இன்னும் அதிகமாகக் கூப்பிடுவார். பவுல்கூட "அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்றும் "ஆகிலும் நானல்ல" என்றும் ஒரே வசனத்தில்தான் சொல்கிறார், 1 கொரிந்தியர் 15:10, போய்ப் பார். அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. அப்புறம், கத்தாமல் இருப்பதைச் சபையில் சொல்வது இருக்கட்டும், அப்பாவிடம் போர்வை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டாயா?

பெரம்பூர்_லோகோ:
நீங்கள் சொல்லும்வரை கேட்கவில்லை அக்கா. சனிக்கிழமை ராத்திரிதான் கேட்டேன். அவருக்குப் பேச்சுக் குழறும், "மணி என்ன" என்றார். 2.10 என்றேன். தலையாட்டினார்.

ஞாயிறு சாட்சிக்கு எழுந்து நடந்ததை அப்படியே சொன்னேன், டம்ளர், போன், பக்கத்து வீட்டு அக்கா, போர்வை, எல்லாம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எந்த இடத்தில் அல்லேலூயா சொல்வது என்று பாஸ்டருக்குத் தெரியவில்லை, பாவம், நான் உட்கார்ந்த பிறகு சொன்னார். வெளியே வந்ததும் இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரி ஆள் வைக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார்கள்.