புதுப்பிப்பு: சாக்ஸ் முடிந்தது, இப்போது மணி வைத்த லேஸ்

எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே டிசைனைப் பின்னும் நிட்-அலாங்கில் சேரலாமா, நம் தண்டையார்பேட்டை வெயிலுக்குக் கம்பளி சாக்ஸ் சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, சேர்ந்துவிட்டேன். சாக்ஸைப் பருத்தி நூலில்தான் பின்னினேன். பருத்தி கம்பளி அளவுக்கு இழுத்தபின் திரும்பச் சுருங்காது, அதனால் பாதச் சுற்றளவைவிட 10 சதவீதமாவது குறைத்துப் பின்னு என்று குழுவில் ஓர் அக்கா சொன்னார், நழுவாமல் அப்படியே நிற்கிறது. குதிகால் திருப்பும் இடம்தான் கஷ்டம், ஆனால் எல்லோரும் அதே இடத்தில் இருந்ததால் கேட்டவுடன் பதில் வந்தது. இதற்காகவே சேரலாம்.

அப்புறம் லேஸ், அதாவது துளைத்துளையாக வரும் பின்னல். அவ்வப்போது வேறு நிற நூல் ஒன்றை ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகளிலும் (நூல் வளையங்களிலும்) ஓட்டி வையுங்கள், பிரிக்க நேர்ந்தால் அதோடு நின்றுவிடும். மணிகள் சவுகார்பேட்டையில் வாங்கினேன். 8/0 அளவு, கிட்டத்தட்ட 3 மி.மீ. முன்கூட்டியே நூலில் கோக்க வேண்டாம், மெல்லிய குரோஷே ஊசியால் அந்தந்தக் கண்ணியில் ஏற்றிவிடலாம். கடைக்குப் போகும்போது அந்த ஊசியையும் நூலையும் கையோடு எடுத்துப் போங்கள், ஒரே பாக்கெட்டிலேயே துளை பெரிதும் சிறிதுமாக இருக்கும்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் யாராவது அடுத்த சுற்றில் சேர்வதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே மணி வாங்கப் போகலாம்.