கணையத்தில் 3 செ.மீ. கட்டி: என் அறுவை அனுபவம்

முதுகு வலி. கல்லாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தால், கல் இல்லை. கணையத்தின் வால் பகுதியில் 3 செ.மீ. கட்டி. கேட்டதும் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். என் பெரியப்பா கணையப் புற்றுநோய் வந்து ஆறே மாதத்தில் போனவர்.

எண்டோஸ்கோப்பி வழியே ஊசி விட்டு எடுத்த சதையைப் பார்த்ததில் நியூரோஎண்டோக்ரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி என்று வந்தது. பெரியப்பாவுக்கு வந்தது வேறு, இது வேறு என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். இந்த வகையில் சில கட்டிகள் இன்சுலினை அதிகமாகச் சுரக்கும். சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், சீக்கிரம் தெரிந்துவிடும். என்னுடையது எதையும் சுரக்காத ரகம். வளர்வதே தெரியாது. 2 செ.மீ.க்குள் இருந்தால் பலரை ஸ்கேனிலேயே கவனித்து வருவார்களாம். ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் இந்த இனத்துக் கட்டிதான், 2003இல் தெரிந்தும் 2004இல்தான் அறுவை செய்துகொண்டார் என்று தம்பி சொன்னான். அப்புறம் நான் தள்ளிப்போடவில்லை.

மண்ணீரலின் ரத்தக்குழாய் கணையத்தை ஒட்டியே ஓடுவதால் கணையத்தின் வால் பகுதியோடு மண்ணீரலையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. மண்ணீரல் இல்லாவிட்டால் கிருமித் தொற்று எளிதில் தீவிரமாகிவிடுமாம். அதனால் இரண்டு வாரம் முன்பே நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் போட்டார்கள். லேப்ராஸ்கோப்பிதான், ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

போனேன், வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியே ஒரு பைக்கு எடுத்துவரும் ட்ரெயின் டியூபோடு. வெட்டிய இடத்தில் கணைய நீர் கசிந்தது. டியூபில் வந்த நீரில் அமைலேஸ் (கணையம் சுரக்கும் செரிமான நொதி) மிக அதிகம். இந்த அறுவையில் இது அடிக்கடி நடப்பதுதானாம். முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பையை நைட்டியில் ஊக்கால் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் நடந்தேன். அம்மா தினமும் காலையில் பையைக் காலி செய்து, அளவைப் பால் கணக்கு நோட்டில் எழுதுவார்: 90, 70, 75, 40. குறைந்து வந்தது மறுபடி 75க்கு ஏறிய அன்று அவர் சாப்பிடவே இல்லை.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் கேஐ-67 (கட்டியின் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் அளவு) 2 சதவீதம், கிரேடு 1, அதாவது மெதுவாக வளரும் ரகம், நிணநீர் முடிச்சுகளில் எதுவும் இல்லை. கீமோ வேண்டாம் என்றார்கள். ரிப்போர்ட்டை அம்மாவிடம் மூன்று முறை படித்துக் காட்டினேன்.

அறுவைக்குப் போகிறவர்கள் கசிவு பற்றி முதலிலேயே கேளுங்கள். அந்த டாக்டர் வருடத்துக்கு எத்தனை கணைய அறுவை செய்கிறார் என்றும் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். மண்ணீரல் எடுத்தவர்கள் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. நான் நள்ளிரவானாலும் கிளம்பிவிடுகிறேன். சர்க்கரையும் அவ்வப்போது பார்க்கிறேன், இதுவரை ஏறவில்லை. அடுத்த சிடி தை மாதம்.