தம்பி கஞ்சாவைக் கைவிட என்ன செய்யலாம்? உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. நாங்கள் கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். தம்பிக்கு 27 வயது, ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய். அதற்குக் கொடுக்கும் ஒலான்சபின் மாத்திரையில் ஓரளவு தேறி, பகுதிநேர வேலைக்கும் போய்க்கொண்டிருந்தான்.

இப்போது தினமும் கஞ்சா புகைக்கிறான். கேட்டால், "2018 ஒக்டோபரிலிருந்து இது சட்டப்படி சரி அக்கா, 19 வயதானால் கடையில் பில்லோடு தருகிறார்கள்" என்கிறான். பழைய சட்டம் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இவனைப் பொலிஸ் பிடித்துக் குற்றப்பதிவு போட்டால் நோய் மாறிவிடுமா? ஆனால் குற்றமில்லை என்பதும் ஆபத்தில்லை என்பதும் ஒன்றல்லவே. சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது போன்ற நிலை) வந்தவர்கள் கஞ்சா பாவிக்கக் கூடாது என்று கனடா சுகாதார அமைச்சே சொல்கிறது. அப்புறம், புகைப்பதால் ஒலான்சபினை ஈரல் வேகமாகக் கழித்துவிடும். இரத்தத்தில் மருந்து குறைந்துவிடும்.

போன கிழமை இரவு 2 மணிக்கு, அறையில் ஹீட்டர் காற்று வரும் துவாரத்தை டேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் இருந்து யாரோ தன்னைப் பற்றிக் கதைக்கிறார்களாம். அம்மா தேநீர்க் கோப்பையோடு கதவடியில் நின்றபடியே அழுதார்.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், சண்டை வராமல் எப்படிக் கதைத்தீர்கள்? மனநோயையும் போதையையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சை இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்? தமிழில் பேசும் ஆலோசகர் யாரையாவது தெரியுமா? அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதினாலும் போதும்.