கோட்டைப் பக்கத்தில் மாடி எடுக்கப் போனோம்

பழைய வீட்டின் மேல் மாடி எடுக்கலாமா என்று கேட்டிருந்தவருக்காக, எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் தாத்தா கட்டிய வீடு. திண்ணை, முற்றம், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் செருகிய மெட்ராஸ் டெரஸ் கூரை. தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மேலே இரண்டு அறை போடலாம் என்று முடிவு செய்தோம். இன்ஜினியர் ஒரே வாரத்தில் பிளான் போட்டுவிட்டார். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள் இருந்தால் சுயசான்று முறையில் (விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுப்பது) ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கும், 2024 ஜூலையிலிருந்து அப்படித்தான் என்றார். அது சரிதான். ஆனால் மனிதர் பக்கத்திலிருக்கும் வேலூர்க் கோட்டையை மறந்துவிட்டார்.

கம்பிக்கும் எம்சாண்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, “ஏம்பா, தொல்லியல்ல கேட்டியா?” என்றார். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது.

வேலூர்க் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்தத் துறை பாதுகாக்கும் சின்னம் எதுவானாலும் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடம் கூடாது. இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கவே அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்டலாம், தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்றுடன். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010-இல் திருத்தி இதை இறுக்கிவிட்டார்கள். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தூரத்தைக் கோட்டைச் சுவரிலிருந்து அளப்பதில்லை, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள். நாங்கள் அளந்தது சுவரிலிருந்து. அதனால் முதல் விண்ணப்பமே தப்பு.

ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம ஊரைக் கிண்டல் செய்வார்கள் இல்லையா, அந்தக் கோட்டையின் அதிகாரம் இன்னும் எங்கள் சந்து வரை நீளுகிறது.

நல்லவேளை, நாங்கள் இரண்டாவது வளையத்தில் இருந்தோம். நாலு வீடு முன்னால் இருந்திருந்தால் மாடியை மறந்திருக்க வேண்டியதுதான். விண்ணப்பத்தில் உயரம் சொல்லும்போது மொட்டைமாடி படிக்கட்டு அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். நாங்கள் தொட்டியை விட்டுவிட்டு மறுபடியும் அலைந்தோம். சான்று வருவதற்குள் தம்பி கல்யாணமும் முடிந்து, மருமகள் முற்றத்து அறையிலேயே குடியேறிவிட்டாள். எம்சாண்ட் அட்வான்ஸ் திரும்ப வரவில்லை.

*

அதே கேள்விக்கு, வேலூரிலேயே வேலப்பாடியில் இருக்கும் நானும் ஒன்று சொல்கிறேன். பழைய வீட்டின் மேல் மாடி எடுக்க எங்களுக்குக் கோட்டைத் தொல்லை இல்லை, சுவர்தான் தொல்லை. ஒன்றரை அடி அகலச் சுண்ணாம்புச் சுவர், அங்கங்கே காரை உதிர்ந்திருந்தது. மேஸ்திரி, “சிமெண்ட் பூசிட்டா அம்பது வருஷத்துக்குக் கவலையில்ல சார்” என்றார். பூசினோம். முதல் மழைக்காலம் முடிவதற்குள் அடிச்சுவரில் உப்புப் பூத்துப் பெயிண்ட் தோல் உரிந்தது. தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்புச் சுவர் வெளியே விட்டுவிடும்; சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும்.

பிறகு அதைக் கொத்தி எடுத்து, நீற்றிய சுண்ணாம்பில் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினோம். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பெரிய பாடு. கிடைத்தவருக்கு அறுபது வயதுக்கு மேல். சித்தாள் வேலைக்குத் தன் பேரனையே கூட்டி வந்தார். வேலூர் வெயிலில் பூச்சு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும் என்று ஈரச் சாக்கைத் தொங்கவிடச் சொன்னார். தினமும் அதை நனைத்தது அம்மா.

மாடியை மட்டும் அந்தச் சுவர் மேல் ஏற்றவில்லை. தனியாகக் கான்கிரீட் தூண் எழுப்பி அதன் மேல் நிறுத்தியிருக்கிறோம். செலவு கூடத்தான். கீழே கூடத்தில் தேக்கு உத்திரம் அப்படியே இருக்கிறது, அப்பா ஊஞ்சலும் அதிலேதான் ஆடுகிறது.