ஐஸ் (மெதம்பெற்றமின் எண்ட போதைப்பொருள்) பாவிக்கிற பெடியன்ர மனவெறுமையைக் குறும்படத்தில காட்டுறது எப்பிடி?

விசுவமடு கமரா:
வணக்கம். 15 நிமிசக் குறும்படம் ஒண்டு எழுதிக்கொண்டிருக்கிறம். களம் தருமபுரம், விசுவமடுப் பக்கம். பெடியனுக்கு 19 வயசு, ஏ.எல். சரிவரேல்ல, வேலையில்லை, ஐஸ் பழக்கம். போதையைக் காட்டுறது நோக்கமில்லை, அதுக்குப் பின்னால கிடக்கிற வெறுப்பைத்தான் காட்ட வேணும். இப்ப எழுத்தில இருக்கிற காட்சியள்: மழையில நிண்டு அழுறான், கையில ஊசி ஏத்துறான், ஷெல் சத்தம் நினைவில வந்து துள்ளி எழும்புறான், வீட்டுக்காரர் அறைக்குள்ள கட்டிப்போட, சத்தி எடுத்து நடுங்கி மூண்டாம் நாள் தெளியிறான், பிறகும் விட ஏலாமல் கடைசியில தூக்கு. சனசமூக நிலையங்களில மல்ரிமீடியா போட்டுக் காட்டப்போறம். பிழை இருந்தால் சொல்லுங்கோ.

ஆஸ்பத்திரி வீதி:
தம்பி, அஞ்சும் வேற படங்களில இருந்து வந்த காட்சியள்.

ஊசியை முதல்ல எடுத்து விடுங்கோ. இலங்கையில ஹெரோயினைக்கூட அனேகம் பேர் புகையாத்தான் இழுக்கினம். ஐஸும் புகைதான்.

சத்தி, மூக்கால ஓடுறது, மயிர்க்கூச்சு, வயித்தால போறது எல்லாம் ஹெரோயினை விடேக்க வாறது: கடைசியா எடுத்து 8–12 மணித்தியாலத்தில தொடங்கும், இரண்டாம் மூண்டாம் நாள் உச்சம், ஒரு கிழமையளவில தணியும். ஐஸ் அப்பிடியில்லை. நாலைஞ்சு நாள் நித்திரையில்லாமல் ஓடினவன் விழுந்து படுப்பான். எழும்பினால் அகோரப் பசி, எரிச்சல், திரும்பப் படுக்கை. அது முடிஞ்ச பிறகுதான் நீங்கள் தேடுற வெறுமை வருது, அதுவும் கிழமைக்கணக்கா. ஐஸ் மூளையில டோபமினை (சுகத்தையும் நாட்டத்தையும் தூண்டுற ரசாயனம்) அளவுக்கு மிஞ்சித் தள்ளிவிடுது. நிப்பாட்டினாப் பிறகு பிடிச்ச சாப்பாடு, கிரிக்கெட், சிநேகிதர் ஒண்டிலயும் உருசை இருக்காது. "ஒண்டுக்கும் மனமில்லை" எண்டு சனம் சொல்லுறது இதைத்தான். அனேகமா அழக்கூட வராது. மூண்டாம் நாள் தெளியிறான் எண்டு படத்தில காட்டினால், பாக்கிற தாய்தகப்பன் நாலாம் நாள் "இனி எழும்பி வேலைக்குப் போ" எண்டு நிப்பினம். கன பேர் திரும்ப விழுறது அந்த இடத்திலதான்.

ஷெல் சத்தம்: 19 வயசெண்டால் சண்டை முடிஞ்ச 2009 மேயில அவனுக்கு இரண்டு மூண்டு வயசு. அது தாயின்ர நினைவு. கோயில் வெடிக்குத் துள்ளி எழும்புறது தாயா இருக்கட்டும். அவனுக்கு வாய்ச்சது அந்த வீடும், கிழமைக்கிழமை நுண்கடன்காரர் படலையில வந்து நிக்கிறதும், "நாங்கள் எவ்வளவத்தைத் தாண்டி வந்தனாங்கள், உனக்கென்ன குறை" எண்ட கதையும்.

மனச்சோர்வு முந்தியோ பழக்கம் முந்தியோ எண்டதையும் முடிவெடுங்கோ. வைத்தியர்மாரே நிப்பாட்டி ஒரு மாசமளவு பாத்துத்தான் சொல்லுவினம். முந்தி எண்டால், ஐஸுக்கு முன்னமே இரண்டு கிழமைக்கு மேல நீடிச்ச அடையாளம் வேணும்: விடிய மூண்டு மணிக்கு முழிச்சுக் கிடக்கிறது, ரியூசன் கொப்பி திறபடாமலே கிடக்கிறது.

வெட்டுமேசை:
மேலே சொன்னதோடு படத்தொகுப்புப் பக்கத்தையும் சேர்க்கிறேன். ரெக்வியம் ஃபோர் எ ட்ரீம் (2000) படத்தில் ஹெரோயின் போதை ஏறும் ஒவ்வொரு தடவையும் கண்மணி சட்டென்று விரியும். ஹெரோயினுக்குக் கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும்; விரிவது ஐஸுக்கு. ட்ரெய்ன்ஸ்போட்டிங் (1996) படத்தில் ஹெரோயினை விடுகிறவனுக்குக் கூரையில் குழந்தை ஊர்ந்து வருவதாகத் தெரிவதும் அப்படிப் பிழைதான். ஹெரோயினை விடும்போது இல்லாத உருவங்கள் தெரிவது வழமையில்லை, பெருங்குடியை நிறுத்தினால் தெரியலாம். ஆனால் அந்தப் படம் போதையில் சுகம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. மறைத்தால் பெடியள் ஒரு நிமிடத்தில் எழும்பிப் போய்விடுவார்கள். எங்கள் சண்டைப் படங்களில் போதைப்பொருள் என்பது வில்லனின் மூட்டை மட்டும்தான், பாவிக்கிறவனுக்கு முகமே கிடையாது.

வெறுமைக்கு வேகமான வெட்டு உதவாது. கமராவை ஒரே இடத்தில் பூட்டி, அதே கட்டிலைக் காலை, மதியம், பின்னேரம் என்று மூன்று தரம் எடுங்கள். ஒவ்வொன்றும் 20 செக்கனாவது நிற்கட்டும். இடியப்பத் தட்டு மூடினபடி இருக்கிறது. அடுத்த முறை மூடி விலகி, சம்பல் காய்ந்து ஓரத்தில் எறும்பு. கீறல் விழுந்த போன் திரையில் பெருவிரல் மட்டும் மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது, அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. பின்னணி இசை வேண்டாம். மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வீட்டு றேடியோவும் போதும். மழை செலவு, பலனும் இல்லை.

குழாய், லைற்றர், புகை ஆகியவற்றைக் கிட்டக் காட்டாதீர்கள். பழக்கத்தை விட்டவருக்கு அந்தச் சாமான்களைக் கண்டாலே ஆசை கிளம்பும். கதவு சாத்துவதில் வெட்டி, அடுத்த நாளில் திறங்கள்.

நெடுங்கேணி அக்கா:
முடிவைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. 2019 இல உலக சுகாதார நிறுவனம் திரைப்படக்காரருக்கெண்டே தற்கொலைச் சித்திரிப்புப் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முறையைக் காட்டாதேங்கோ, ஒரே ஒரு காரணத்தில கட்டாதேங்கோ, உதவி தேடி மீளுற ஆளையும் காட்டுங்கோ எண்டு அதில இருக்கு. தூக்கை எடுத்துப்போட்டு ஒரு கதையை வையுங்கோ. பெடியன் சொல்ல வாறான், மச்சாள் "சாகிற யோசினை வருதோ" எண்டு நேரா கேக்கிறாள். அப்பிடிக் கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடும் எண்டு சனம் பயப்பிடுது. அது பிழை, கேட்டால் பாரம் குறையும்.

1926, தேசிய மனநல நிறுவனத்தின்ர உதவித் தொலைபேசி இலக்கம். கடைசியில அதை எழுத்தில மட்டும் போடாமல் வாயாலயும் சொல்லுங்கோ, பின்வரிசையில இருக்கிறவைக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. காட்டுற நாளில ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில இருந்து ஒராளைக் கூப்பிட்டு ஒரு ஓரமா இருத்துங்கோ. கனபேர் எல்லாருக்கும் முன்னால கேள்வி கேக்கமாட்டினம், கதிரை அடுக்கேக்கதான் வருவினம்.

விசுவமடு கமரா:
நன்றி அண்ணை, அக்கா. அப்ப கட்டிப்போடுற காட்சியைத் தகப்பன்ர கசிப்புக் (கள்ளச்சாராயம்) குடிக்கு மாத்தலாமோ?

ஆஸ்பத்திரி வீதி:
அது இன்னும் ஆபத்து. நெடுகக் குடிச்சவர் ஒரேயடியா நிப்பாட்டினால் முதல் இரண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், மூண்டாம் நாளளவில புத்தி பேதலிச்சு நடுங்கி உயிரும் போகலாம். வைத்தியசாலையில மருந்தோடை நிப்பாட்ட வேண்டியது. கட்டிப்போட்டால் திருந்தும் எண்டு எந்தச் சாமானுக்கும் காட்டாதேங்கோ.

வெட்டுமேசை:
இன்னொன்று. ஐஸுக்குக் கற்கண்டுதான் வைக்கப்போகிறீர்கள். சந்தியில் எடுப்பதென்றால், உண்மையான ஐஸ் என்று யாரும் சந்தேகப்படாமல் இருக்க முதலே கிராம சேவகரிடமும் பொலிஸிலும் கடிதம் கொடுத்து, பிரதியொன்றைக் கமராப் பையில் வைத்திருங்கள்.