ஊக்கம் வரும்வரை காத்திருப்பதா, கடையைத் திறந்து உட்காருவதா?

கரித்துண்டு

திருச்சியில் இருந்து எழுதுகிறேன். சென்னையில் ஒரு டிசைன் கம்பெனியில் ஐந்து வருடம் இருந்தேன், மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது வீட்டில் இருந்தபடியே படம் வரைந்து பிழைப்பு. கல்யாணப் பத்திரிகைக்குப் பெண் மாப்பிள்ளை கேரிகேச்சர், பிறந்தநாள் பரிசுக்கு உருவப்படம், எப்போதாவது சிறுவர் புத்தகம். முகூர்த்த மாதங்களில் சாப்பிட நேரம் இருக்காது, ஆடியும் மார்கழியும் வந்தால் போன் அடிக்காது.

காந்தி மார்க்கெட்டில் விடியற்காலை மூட்டை இறக்குகிறவர்களை வைத்து ஒரு வரிசை வரைய வேண்டும் என்று வேலையை விட்ட நாளில் இருந்து ஆசை. இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு இருக்கிறது. ஆனால் நாலு மாதமாக எனக்கென்று ஒரு கோடு போடவில்லை. ஆர்டர் முடித்துவிட்டு உட்கார்ந்தால் கை நகரவே மாட்டேன் என்கிறது. இதற்கு நடுவில் ஒரு பதிப்பகத்துக்கு 14 படம் வரைந்து கொடுத்து ஏழு மாதம் ஆகிறது, ஒரு ரூபாய் வரவில்லை.

மறுபடி வேலைக்குப் போய்விடலாமா, இல்லை ஆர்வம் திரும்பி வரும் வரைக்கும் ஆர்டர் மட்டும் செய்துகொண்டு இருக்கலாமா? தனியாகத் தொழில் செய்கிறவர்கள் சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்டால் முதல் வழியைத்தான் சொல்வார்.

சுவரெழுத்து

தங்கச்சி, கோவில்பட்டியில் இருந்து எழுதுகிறேன். நான் 1988-ல் இருந்து போர்டு எழுதியவன். கடைப் பெயர், லாரி பின்பக்கம், தேர்தல் சுவர், கொட்டகை வாசல், எல்லாம் எழுதியிருக்கிறேன். காலையில் பிரஷை மண்ணெண்ணெயில் அலசி எடுத்தால் அன்றைக்கு வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு எழுதத் தோன்றுகிறதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. முதல் எழுத்து போடும்போது உடம்பு வலிக்கும், மூன்றாவது எழுத்தில் சூடு பிடித்துவிடும். ஆர்வம் என்பது அந்த மூன்றாவது எழுத்தில்தான் இருக்கிறது, அதற்கு முன்னால் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. நீங்கள் முதல் எழுத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டு அதைத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் கொண்டையராஜுவை நினைத்துப் பாருங்கள். நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர். அப்புறம் சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் சாமி படம் போட்டார். எல்லாம் ஆர்டர் வேலைதான். அவர் 1976-ல் போய்விட்டார், ஆனால் அவர் போட்ட முருகனையும் மீனாட்சியையும் இன்னும் எத்தனை வீட்டில் ஃபிரேம் போட்டுப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆர்டரைக் கேவலமாக நினைக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் கடையைத் திறங்கள்.

நீலக்கோடு

அண்ணாச்சி மேல் முழு மரியாதை உண்டு, ஆனால் இந்த அறிவுரையை ஆறு வருடம் அப்படியே கடைப்பிடித்து என் கையைக் கெடுத்துக்கொண்டவள் நான், அதனால் எதிர்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தினமும் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். ஆர்டர் எதையும் தள்ளவில்லை. ஆறாவது வருடம் ஒருநாள் என் பாட்டியை வரைய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவருக்கும் கிளையன்டுகளுக்குப் போடுகிற அதே பெரிய கண், அதே பளபளப்பு. அழிக்கிறேன், மறுபடி அதுவே வருகிறது. கை நாளெல்லாம் எதைச் செய்கிறதோ அதைத்தான் கற்றுக்கொள்கிறது. சோம்பல் என்றால் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். கரித்துண்டுக்கு இருப்பது சோம்பல் இல்லை. நாலு மாதம் கை மறுக்கிறது என்றால் அது எதையோ காப்பாற்றப் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கொண்டையராஜு விஷயத்துக்கு வருகிறேன். அவர் நம்பிக்கையோடு வரைந்தார். ஆர்டர் வராவிட்டாலும் அவர் சாமியைத்தான் வரைந்திருப்பார். முன்பின் தெரியாத ஜோடியை போட்டோ பார்த்து, கொஞ்சம் சிவப்பாகப் போடுங்கள், மாப்பிள்ளை தொப்பையைக் குறையுங்கள் என்று ஐந்து தடவை கரெக்ஷன் வாங்கி வரைவது அதோடு சேராது.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு பள்ளியில் வாரத்துக்கு மூன்று நாள் ஓவிய வகுப்பு. சம்பளம் குறைவு, ஆனால் முதல் தேதி வந்துவிடும். ஆர்டரை அடியோடு நிறுத்தினேன். மீதி நாலு நாள் என்னுடையது. கை திரும்பி வர எட்டு மாதம் ஆனது. வயிற்றுக்கு ஒரு வழி, படத்துக்கு வேறு வழி என்று பிரித்துவிடு தங்கை.

ரசீதுப்புத்தகம்

இரண்டு பேரும் மனதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பதிவில் முதலில் கண்ணில் பட்டது ஏழு மாதமாக வராத பணம்தான். நான் புகைப்படக்காரன், பதினைந்து வருடமாகச் சொந்தத் தொழில். ஆர்வம் போய்விட்டது என்று நான் நினைத்த காலங்களைத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் எனக்குக் காசு தராமல் இழுத்துக்கொண்டிருந்த மாதங்கள். செய்த வேலைக்கு மதிப்பில்லை என்று கை உணர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அது எழுந்திருக்காது.

கரித்துண்டு, உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, செய்திருக்கிறீர்களா? ஆதார், பான் இருந்தால் போதும், இலவசம். தனி ஆளாக இருந்து சேவை செய்கிறவர்களும் குறுந்தொழில் கணக்கில் பதியலாம். 2006-ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, காசு தர எழுத்தில் தவணை பேசியிருந்தால்கூட 45 நாளுக்கு மேல் போகக்கூடாது, எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் போட்டால் மாநில அளவில் இருக்கிற கவுன்சிலுக்குப் போகும். வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே பதிவு இருந்தால்தான் சிக்கல் இல்லாமல் நிற்கும், அதனால் அடுத்த வேலைகளுக்காவது உதவும்படி இன்றைக்கே பதிந்துவிடுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி வரைந்த ஓவியம், உருவப்படம் என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் இருக்கிறது. அதனால் வாட்ஸப்பில் இரண்டு வரியாவது பேசிக்கொள்ளுங்கள்: இந்தப் புத்தகத்துக்கு மட்டும், மற்ற உரிமை என்னிடம், பாதி முன்பணம், இரண்டு கரெக்ஷன் இலவசம், மூன்றாவதில் இருந்து தனிக் காசு. நான் இதை எழுத ஆரம்பித்த பிறகு வந்த வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள், வருமானம் குறையவில்லை.

அப்புறம் நீலக்கோடு, எல்லோருக்கும் வாரம் மூன்று நாள் பள்ளி வேலை கிடைத்துவிடாது. வயிற்றையும் படத்தையும் பிரிக்காமலே நின்றவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-ல் ஆரம்பித்தது எப்படி? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில்தான் இடம் வாங்கினார்கள். விற்கிற வேலையும் சொந்த ஓவியமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. யாருடைய கையும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

நீலக்கோடு

சோழமண்டலத்தை நீங்கள் எடுத்ததில் சந்தோஷம், ஏனென்றால் அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. ஒன்று, பாத்திக் அவர்களே வடிவம் யோசித்துச் செய்தது. மூக்கைச் சின்னதாக்குங்கள் என்று யாரும் கரெக்ஷன் சொல்லவில்லை. இரண்டு, கைவினைக்கு நாளில் ஒரு பகுதி, ஓவியத்துக்கு ஒரு பகுதி என்று எல்லை இருந்தது. மூன்றாவதுதான் பெரிது, அவர்கள் முப்பது பேர் போல இருந்தார்கள். ஒருவர் சோர்ந்தால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிவது தெரியும். கரித்துண்டு திருச்சியில் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பணிக்கரே அப்போது ஓவியக் கல்லூரி முதல்வர், மாதச் சம்பளம் வாங்கியவர், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சட்டம் சொன்னது நல்ல விஷயம். ஆனால் சின்னப் பதிப்பகம் மேல் புகார் போட்டால் அடுத்த புத்தகம் வராது. இந்தத் துறை ரொம்பச் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

ரசீதுப்புத்தகம்

ஏழு மாதம் காசு தராதவரிடம் இருந்து அடுத்த புத்தகம் வந்து என்ன ஆகப்போகிறது? இன்னொரு 14 படம், இன்னொரு ஏழு மாதம். முதல் வேலையே புகார் போடுவது என்று நான் சொல்லவில்லை. பில் நம்பர், தேதி, தொகை, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று ஒரு மெயில், அவ்வளவுதான். நம் ஆட்கள் போனில் "சார் அந்தப் பேமென்ட்..." என்று இழுப்பார்கள், அவர் "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எழுத்தில் போனால் அது அவர்களுடைய கணக்குப்பிள்ளை மேசைக்குப் போகும். போன் பேச்சு எங்கும் போகாது.

கணினிக்கோடு

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு 23 வயது, கோவை. நீங்கள் பேசுவது எல்லாம் ஆர்டர் வருகிறவர்களுக்கு. எனக்கு வந்துகொண்டிருந்த பிறந்தநாள் படங்கள் ஒரு வருடத்தில் நின்றேவிட்டன. எல்லோரும் போனிலேயே ஒரு வரி எழுதி ஏஐ படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒருவர் அப்படி ஒரு படத்தை அனுப்பி, இதில் விரலை மட்டும் சரி செய்து கொடு, 150 ரூபாய் தருகிறேன் என்றார். செய்து கொடுத்தேன். அன்று இரவு தூங்கவில்லை. இதில் ஊக்கத்துக்கு எங்கே போவது?

சுவரெழுத்து

தம்பி, இதை நான் பார்த்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ் வந்தபோது எங்கள் தெருவில் ஒன்பது பேர் போர்டு எழுதினோம். மிஷின் ஒரு சதுர அடிக்கு என்ன வாங்குகிறதோ அதைவிடக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று இறங்கியவர்கள்தான் முதலில் போனார்கள். மிஷினோடு விலையில் மோதினால் நம் உடம்புதான் தேயும். எனக்குப் பிழைப்பு எங்கே கிடைத்தது தெரியுமா, கோபுரத்தில். கும்பாபிஷேகம் வந்தால் சுதைச் சிற்பத்துக்கெல்லாம் வர்ணம் புதுப்பிக்க வேண்டும், பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கோயிலுக்கும் அந்த வேலை வரும். அறுபது அடி உயரச் சாரத்தில் உட்கார்ந்து யாளிக்குக் கண் திறக்கிற வேலைக்கு ஃப்ளெக்ஸ் மிஷின் வராது. முதல் கோயிலில் கூலிக்கு வர்ணம் கலக்கித்தான் சேர்ந்தேன், முப்பத்தைந்து வயதில். எனக்குக் கீழே வேலை பார்த்த பையன்தான் அங்கே எனக்கு மேஸ்திரி.

ஆள் நேரில் இருந்தால்தான் நடக்கும் வேலை எது என்று பார். கல்யாண மண்டபத்தில் விருந்தாளி உட்கார, எதிரே வரைந்து கொடுக்கிறார்களே, அது ஒன்று. பள்ளிக்கூடச் சுவர், அங்கன்வாடிச் சுவர். இன்னும் நீயே கண்டுபிடிப்பாய். அந்த 150 ரூபாய் வேலையை மட்டும் இனி எடுக்காதே, பசித்தாலும் எடுக்காதே.

நீலக்கோடு சொன்னதற்கும் ஒரு பதில். கை கெட்டுவிடும் என்கிறீர்கள். விகடனில் வரைந்த கோபுலு அப்புறம் விளம்பரக் கம்பெனியே நடத்தினார். எவ்வளவு ஆர்டர் வேலை பார்த்திருப்பார்! பக்கவாதத்தில் வலது கை விழுந்தபோது இடது கையால் வரையப் பழகினார். கையில் இருப்பது பழக்கம்தான் என்றால் அது எப்படி முடியும்? கோடு கண்ணிலும் மனதிலும் இருக்கிறது. ஆர்டர் அதை அவ்வளவு சுலபமாகத் தொட்டுவிட முடியாது.

நீலக்கோடு

கோபுலு ஒருவர்தான் அண்ணாச்சி. அவரைப் போல ஆர்டர் வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, அதனால் அவர்களை நாம் உதாரணம் காட்டுவதில்லை. என்னோடு கல்லூரியில் ஓவியம் படித்தவர்களில் என் கணக்குக்கு நாலு பேர்தான் இன்னும் சொந்தமாக வரைகிறார்கள். அந்த நாலு பேருக்கும் வேறு வருமானம் இருக்கிறது. இதை நான் கண்ணால் பார்த்துவிட்டு எப்படி மாற்றிச் சொல்வது?

கணினிக்கோடு தம்பிக்கு அண்ணாச்சி சொன்னதை மட்டும் அப்படியே ஏற்கிறேன்.

கரித்துண்டு

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன்.

முதலில் ரசீது அண்ணன் சொன்ன மெயில். எழுத மூன்று நாள் ஆனது, அனுப்பும்போது கை நடுங்கியது. நாலாவது நாள் பாதிப் பணம் வந்துவிட்டது, மீதிக்கு எழுத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். உறவு கெடவில்லை அக்கா, அந்த எடிட்டர் போன் பண்ணி அவரே வருத்தப்பட்டார். உத்யம் பதிவும் முடித்துவிட்டேன்.

அண்ணாச்சி சொன்னபடி காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து பார்த்தேன். ஆர்டரை ஒன்பது மணிக்கு முன்னால் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன், கேரிகேச்சர் போட்ட பிறகு உட்கார்ந்தால் நீலக்கோடு அக்கா சொன்ன அந்தப் பெரிய கண்தான் வருகிறது, அது எனக்கும் நடக்கிறது. பதினாலு நாளில் ஒன்பது நாள் உட்கார்ந்தேன். அதில் ஐந்து நாள் எதுவும் வரவில்லை. மூன்றாவது எழுத்தில் சூடு பிடிக்கும் என்றீர்கள் அண்ணாச்சி, எனக்கு முப்பதாவது கோட்டிலும் பிடிக்காத நாள் உண்டு. அதனால் உங்கள் பேச்சை முழுசாக ஏற்க முடியவில்லை. அக்கா சொல்கிற மாதிரி ஆர்டரை விடவும் முடியாது, வீட்டு வாடகையும் தம்பி படிப்பும் என் தலையில் இருக்கின்றன.

மீதி நாலு நாளில் ஒருநாள் வீட்டில் உட்காராமல் மார்க்கெட்டுக்கே நோட்டோடு போய்விட்டேன். வெங்காய மண்டி வாசலில் ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு, தலைச்சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைத்தார். அதை மட்டும் வரைந்தேன். எட்டுப் பக்கம் போனது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, இது மாணிக்கம் முதுகு மாதிரியே இருக்கிறதே என்றார்.

சுவரெழுத்து

அந்த முதுகைப் போட்டோ எடுத்து இங்கே போடு தாயி.

நீலக்கோடு

போடாதே. எட்டுப் பக்கம் எண்பது ஆகட்டும், அதுவரை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள். இதிலும் அண்ணாச்சியோடு எனக்கு ஒத்துவரவில்லை.